பழைய டயர் குவியலும் பொறுப்புச் சான்றிதழும்: யார் தலையில் எது?

கேள்வி: கடலூர் செம்மண்டலத்தில் பதினாறு வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். புது டயர் விற்பனை, பஞ்சர், வீல் அலைன்மென்ட் எல்லாம் உண்டு. கழற்றிய பழைய டயர்கள் கடைக்குப் பின்னால் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் பாதி டயர் மிதந்து பக்கத்து வீட்டு வாசலுக்கே போய்விட்டது, அன்றிலிருந்து அவர்களுக்கும் எனக்கும் பேச்சில்லை. போன வாரம் மாநகராட்சியிலிருந்து வந்து டயர் தண்ணீரில் கொசுப்புழு இருப்பதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், ஏழு நாள் கெடு. இதற்கிடையில் ஒருவர் வந்து, "இ.பி.ஆர். பதிவு இல்லாமல் டயர் கடை நடத்தினால் பதினைந்து லட்சம் அபராதம், 25,000 கொடுத்தால் நானே பதிவு செய்து தருகிறேன்" என்றார். பயத்தில் 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். வில்லியனூர் பக்கம் ஒரு டயர் எண்ணெய் ஆலைக்காரர் எல்லாவற்றையும் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், ஆனால் பில் கேட்காதே என்கிறார். புது டயர் விற்ற கம்பெனியே பழையதை எடுத்துப்போக வேண்டும் என்று சட்டம் இருப்பதாகவும் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த இருபத்தைந்தாயிரத்தை முடித்துவிடுவோம். மீதி இருபதாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட சட்டம் உண்மைதான். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான மற்றும் இதர கழிவுகள் விதிகளை 2022 ஜூலையில் திருத்தி, கழிவு டயருக்கென்று ஒன்பதாம் அட்டவணையைச் சேர்த்தார்கள். டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரே அது கழிவாகும்போதும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். இ.பி.ஆர். என்பது இந்த உற்பத்தியாளர் பொறுப்பைத்தான் குறிக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மூன்று வகையினர் பதிவு செய்ய வேண்டும்: உற்பத்தியாளர், மறுசுழற்சி செய்பவர், ரீபட்டன் போடுபவர் (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டுபவர்). கம்பெனி டயரை வாங்கி விற்கும் சில்லறைக் கடைக்காரர் இந்த மூன்றிலும் இல்லை. உங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு பதிவுக்குத்தான் உங்களிடம் பணம் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் "உற்பத்தியாளர்" என்ற சொல்லுக்கு இந்த விதியில் பொருள் கொஞ்சம் அகலமானது. தொழிற்சாலை வைத்திருப்பவர் மட்டுமல்ல, வேறு எவரோ செய்த புது டயரைத் தன் சொந்தப் பிராண்டில் விற்பவரும், புது டயரையோ கழிவு டயரையோ இறக்குமதி செய்பவரும் அதில் அடக்கம். ஆகவே உங்கள் மைத்துனர் யாராவது, "மலேசியாவிலிருந்து ஒரு கன்டெய்னர் பழைய டயர் இறக்கலாம், நல்ல காசு" என்று ஆசை காட்டினால் அன்றைக்கு மறுபடி எனக்கு எழுதுங்கள். கழிவு டயர் இறக்குமதி செய்பவர் முந்தைய ஆண்டு இறக்கிய அளவு முழுவதற்கும் பொறுப்பாளி. அந்த டயரை எண்ணெய் எடுக்கவும் பயன்படுத்தக் கூடாது.

இனி கம்பெனி விஷயம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏமாற்றம் தரக்கூடியதும் இதுதான். கம்பெனிகளுக்கு மறுசுழற்சி இலக்கு உண்டு. 2022-23இல், இரண்டு வருடம் முன்பு தயாரித்த அல்லது இறக்கிய அளவில் 35 சதவீதம், அடுத்த ஆண்டு 70, அதற்கடுத்த ஆண்டிலிருந்து 100. ஆனால் அந்த இலக்கை லாரி அனுப்பி கடை கடையாகப் பொறுக்கித்தான் முடிக்க வேண்டும் என்பதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் தான் அரைத்து, பதப்படுத்தி விற்ற சரக்கின் கணக்கில் சான்றிதழ் உருவாக்குகிறார், கம்பெனி அதை இணையதளத்திலேயே விலைக்கு வாங்கிக் கணக்கை நேர் செய்கிறது. எங்கோ ஓர் ஊரில் அரைபட்ட டயர் உங்கள் கம்பெனியின் கணக்கில் ஏறலாம், உங்கள் கொல்லையில் கிடப்பது அப்படியே கிடக்கலாம். எனவே, "என் டயரை எடுத்துப்போ" என்று கம்பெனி மீது வழக்குப் போட இந்த விதியில் உங்களுக்குப் பிடி இல்லை. விநியோகஸ்தரிடம் கேட்டுப் பாருங்கள், சிலர் தாமாகவே எடுப்பார்கள். அது வியாபார நல்லுறவு, அவ்வளவுதான்.

சரி, குவியல் உங்களுடையது. அதை யாரிடம் தள்ளுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் உண்மையான ஆபத்து இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார், உங்களைப் போலவே கடைக்காரர். பில் இல்லாமல் ஒரு மினி லாரிக்குப் பழைய டயரை ஏற்றிவிட்டார். பத்து நாள் கழித்து கெடிலம் ஆற்றங்கரையில் கம்பி எடுப்பதற்காக யாரோ டயரைக் கொளுத்தியிருந்தார்கள். கரும்புகை ஊரெல்லாம் தெரிந்து அதிகாரிகள் போனபோது பாதி வெந்த லாரி டயர் ஒன்றின் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்டில் எழுத்து அப்படியே இருந்தது: வாடிக்கையாளர் வண்டி எண்ணும், கடையின் சுருக்கெழுத்தும். எரித்தவன் கிடைக்கவில்லை, எழுதியவர் கிடைத்துவிட்டார். யாருக்கு விற்றேன் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருந்திருந்தால் அந்த விவகாரம் ஒரே நாளில் முடிந்திருக்கும், ஒன்றரை வருடம் இழுத்திருக்காது.

பில் கேட்காதே என்கிற வில்லியனூர்க்காரரை அதனால் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். டயர் எண்ணெய் ஆலை என்பதே சட்டவிரோதம் அல்ல. காற்றுப் படாமல் சூடாக்கி எண்ணெய், கரித்தூள், கம்பி என்று பிரிப்பது அனுமதியுள்ள தொழில்தான், அனுமதி இருந்தால். அவரிடம் இரண்டு காகிதம் கேளுங்கள். ஒன்று, மத்திய வாரியத்தின் இணையதளத்தில் மறுசுழற்சியாளராகப் பதிவு செய்த சான்று. இன்னொன்று, ஆலையை இயக்க ஒப்புதல். ஆலை புதுவை எல்லைக்குள் இருந்தால் அந்த ஒப்புதலை அங்குள்ள மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் தந்திருக்க வேண்டும், நம் மாநில வாரியத்தின் தாள் செல்லாது. இரண்டும் இருந்தால் எடைச் சீட்டுடன் ஜிஎஸ்டி பில் போட்டு விற்றுவிடுங்கள். கடலூரிலிருந்து வில்லியனூர் பேருந்தில் போகும் தூரம்தான் என்றாலும் ஜிஎஸ்டி கண்ணுக்கு அது வேறு மாநிலம். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை இ-வே பில் தேவையில்லை, எல்லை தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் தேவை.

பதிவுள்ள ஆலைக்கு உங்கள் டயர் வெறும் ரப்பர் அல்ல, சான்றிதழாகவும் காசாகிறது. விலை பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே எடையில் தள்ளவும் வேண்டாம். கூடு நன்றாக உள்ள லாரி, பஸ் டயரைத் தனியே எடுத்து ரீபட்டன் கம்பெனிக்குக் கொடுங்கள், விலை கூடுதல். முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகின் பக்கவாட்டில் தொங்கவிட டயர் கேட்பார்கள், அதையும் கொடுக்கலாம். அப்படியே பயன்படுத்துவதற்குத் தடையில்லை. ஒரு நோட்டில் பெயரும் எண்ணிக்கையும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். செங்கல் சூளைக்கோ, போகிக்குக் கொளுத்தவோ கேட்டு வருபவர்களுக்கு மட்டும் கையை விரியுங்கள்.

நோட்டீஸ்தான் அவசரம். தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939இன் கீழ் கொசு உற்பத்தியாகும் தண்ணீரை அகற்றச் சொல்ல மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. அலட்சியம் செய்தால் அவர்களே அகற்றிச் செலவை உங்களிடம் வசூலிப்பார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும், ஏழு நாள் கெடுவின் கணக்கு அதுதான். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் ஆகாது. முட்டை டயரின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி மழை பெய்தால் பொரியும். உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, ரீபட்டனுக்கு ஆகாதவற்றில் துளை போட்டு, அனைத்தையும் தார்ப்பாயில் மூடுங்கள். பிறகு கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்: எத்தனை டயர், எந்தத் தேதியில் காலி செய்து மூடினேன், எந்தத் தேதிக்குள் யாருக்கு அனுப்பப் போகிறேன், அதற்கு இன்ன நாள் அவகாசம் வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணைத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாய்ப் பேச்சாக, "பார்த்துக்கிறேன் சார்" என்று விடாதீர்கள்.

இதில் கோட்டைவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு வழிகள் திறக்கும். பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 152இன் கீழ் அகற்றும்படி நிபந்தனை உத்தரவு வரலாம். சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கும் போகலாம். அந்த முகவர் சொன்ன பதினைந்து லட்சம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 15இல் 2024 ஏப்ரல் முதல் உள்ள உச்சவரம்பு. கீழ்வரம்பு பத்தாயிரம். பதிவு செய்யாத சில்லறைக் கடைக்கு அது பொருந்தாது, விதியை உண்மையிலேயே மீறியவருக்குத்தான். சட்டம் பேசுவதற்கு முன் ஒரு நாள் மாலை, மூடிய குவியலைக் காட்டி அந்த வீட்டுக்காரரிடம் நீங்களே பேசிப் பாருங்கள். வாசலில் சேறும் டயருமாகக் கிடந்தபோது யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் கோபமாக இருக்கும்.

கடைசியாக அந்த ஐயாயிரம். முகவருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள்: எந்த விதியின்படி, எந்த வகையில் எனக்குப் பதிவு தேவை, இல்லையென்றால் பதினைந்து நாளில் பணத்தைத் திருப்பு. பெரும்பாலும் அதோடு பணம் வந்துவிடும். வராவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 318இன்படி மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கைபேசி வழியே பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் இன்றே படமெடுத்து வையுங்கள். அனுப்பியவரே அழித்துவிட முடியும்.