நுண்ணிய டிசைன்கள் நிறைந்த சாமுராய் மினியேச்சருக்கு வண்ணம் தீட்டுவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: 75 மி.மீ. உயரமுள்ள ரெசின் சாமுராய் ஒன்று கையில் இருக்கிறது. பெட்டியின் மேலுள்ள படத்தில் மேலங்கி முழுவதும் கடலலை டிசைன், கால்சட்டையில் சணல் இலை டிசைன். ஒரே நிற உடை கொண்ட உருவங்களைத் தீட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டு. இவ்வளவு பொடி வேலையைத் தொட்டதில்லை. இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை வாங்கினால் போதுமா, மெல்லிய பேனாவால் வரைந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூரிகையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் துணியின் நூலோட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நான் முதல் சாமுராயைக் கெடுத்தது அங்கேதான்.

அந்த உருவமும் 75 மி.மீ. தான். கவசத்துக்கு மேல் அணியும் கையில்லாத மேலங்கியான ஜின்பாவோரியில் அலை டிசைன் போடத் தொடங்கினேன். காகிதத்தில் பத்து முறை வரைந்து பழகியிருந்தேன், கையும் ஒத்துழைத்தது. நான்கு மாலைகள் உட்கார்ந்து முதுகுப் பக்கத்தை முடித்தேன். ஒவ்வொரு வளைவும் சுத்தமாக இருந்தது. ஆனால் கையை நீட்டிச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது, துணியின் மேல் யாரோ அச்சடித்த காகிதத்தை ஒட்டியதுபோல் தெரிந்தது. சிற்பி அவ்வளவு அழகாகச் செதுக்கியிருந்த மடிப்புகள் எல்லாம் காணாமல் போயிருந்தன.

காரணம் பிடிபட இரண்டு நாட்கள் ஆயின. அலை வரிசைகளை நான் என் கண்ணுக்கு நேராக, கிடைமட்டமாக இழுத்திருந்தேன். மடிப்பு மேலே எழும்பினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் வரிசை மட்டும் மேசையின் விளிம்பைப்போல நேராகவே போனது. உண்மையான துணியில் அப்படி நடக்காது. டிசைன், நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் ஒட்டியே ஓடும். துணி சுருங்கினால் அதுவும் சுருங்கும், துணி தொங்கினால் அதுவும் தொங்கும். மேலங்கியின் கீழ் விளிம்பு எப்படி நெளிகிறதோ, அதே நெளிவில்தான் ஒவ்வொரு வரிசையும் நெளிய வேண்டும்.

அன்று முதல், டிசைனைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்கிறேன். அடிப்பூச்சின் நிறத்தைவிட ஒரு படி மட்டும் வெளிர்ந்த வண்ணத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை பாவு நூல் எப்படி விழும் என்று நான்கைந்து கோடுகள் இழுப்பேன். பிறகு கீழ் விளிம்புக்கு இணையாக ஊடைக் கோடுகள் மூன்று. அவற்றுக்கு இடையில் பாதி, அந்தப் பாதியில் பாதி என்று பிரித்துக்கொண்டே போனால் கட்டங்கள் கிடைத்துவிடும். அளவை மடிப்பின் மேற்பரப்போடு ஒட்டி எடுக்க வேண்டும், எதிரிலிருந்து பார்த்து எடுக்கக் கூடாது. ஒரு சிறு காகிதப் பட்டியை மடிப்பில் ஏற்றி இறக்கி அளந்தால் சரியாக வரும். அப்படிப் போட்ட சம இடைவெளிக் கட்டங்கள், மடிப்பின் பக்கவாட்டில் திரும்பும்போது தாமாகவே குறுகித் தெரியும். அந்தக் குறுகலைப் பார்த்துத்தான் கண் அதைத் துணி என்று நம்புகிறது.

தையல்களையும் கவனியுங்கள். ஜப்பானிய உடைகள் குறுகலான நெசவுத் துணியிலிருந்து நேர் நேரான துண்டுகளாக வெட்டித் தைக்கப்படுபவை. இன்றைய கிமோனோத் துணியின் அகலமே சுமார் 36 முதல் 40 செ.மீ. தான். அதனால் முதுகின் நடுவில் ஒரு தையல் வரும். கை தனித் துண்டு. திரும்பத் திரும்ப வரும் சிறு டிசைன்கள் அந்தத் தையலில் அறுபட்டு, அடுத்த துண்டில் புதிதாகத் தொடங்கலாம். தோளிலிருந்து கைக்கு டிசைனை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நான் பட்ட பாடு வீண். தையலில் நிறுத்தி, அடுத்த துண்டில் வேறு இடத்தில் தொடங்கினால் வேலையும் எளிது, தோற்றமும் உண்மைக்கு நெருக்கம்.

இனி அந்தக் கடலலை டிசைன். ஜப்பானியர் அதை செய்கைஹா என்கிறார்கள். நீலக் கடலின் அலைகள் என்று பொருள். கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளைவு, அதற்குள் இன்னும் இரண்டு மூன்று வளைவுகள். மேல் வரிசையில் இரண்டு அலைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தை மறைத்தபடி கீழ் வரிசை அலையின் உச்சி எழும். எனவே மேலிருந்து கீழாகப் போங்கள். கட்டத்தில் ஒவ்வொரு உச்சிக்கும் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து இடப்பக்கம் ஒரு இழுப்பு, வலப்பக்கம் ஒரு இழுப்பு. ஒரே இழுப்பில் முழு வளைவையும் போட முயன்றால் ஒரு பக்கம் எப்போதும் சாயும். வெளி வளைவுகளை வரிசை முழுவதும் முடித்த பிறகே உள் வளைவுகளுக்கு வாருங்கள்.

ஓர் அலை எவ்வளவு அகலம் இருக்கலாம்? 75 மி.மீ. உருவம் ஏறக்குறைய 1:24 அளவு. பொம்மையில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 24 மி.மீ. இரண்டு மி.மீ. அகலத்தில் அலை போட்டால் நிஜத்தில் சுமார் 5 செ.மீ. அலை. மேலங்கிக்கு அது பொருந்தும். அதைவிடச் சிறிதாகப் போட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மி.மீ. அலைக்குள் மூன்று வளைவுகளைத் திணித்தால், தள்ளி நின்று பார்ப்பவருக்கு வெறும் சாம்பல் படலம்தான் தெரியும்.

ஆழமான மடிப்புப் பள்ளங்களுக்குள் தூரிகையை நுழைத்து அலையை முழுமையாக்க முயலாதீர்கள். பாதி அலை பள்ளத்துக்குள் போய் மறையட்டும். மறுபக்கம் எங்கே வெளிவரும் என்பதை உங்கள் ஊடைக் கோடு காட்டிக்கொடுக்கும். நான் இரண்டாவது முறை தீட்டியபோது இடுப்புக் கச்சைக்குச் சற்று மேலே ஒரு மடிப்பு ஓர் அலையை முக்கால்வாசி விழுங்கியது. விளிம்பில் நகக்கீற்றுப் போன்ற ஒரு வளைவு மட்டும் எட்டிப் பார்த்தது. அந்த உருவத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சணல் இலை டிசைன், அதாவது அசனோஹா, இன்னும் கடினம். அறுகோணமும் அதற்குள் ஆறு இலைகளும் கொண்ட அமைப்பு. கோணம் சிறிது தவறினாலும் கண்ணில் படும். ஹகாமா என்னும் அகலக் கால்சட்டையின் கூர்மையான மடிப்புகளில் அதை முதல் முயற்சியாகச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டிப் படம் ஒரு யோசனை மட்டுமே. சிற்பி துணியை வழவழப்பாகத்தானே விட்டிருக்கிறார். என்ன போடுவது என்பது உங்கள் விருப்பம்.

எளிமையான, அதே சமயம் வரலாற்றில் இருந்த டிசைன்கள் வேண்டுமானால் இரண்டு சொல்கிறேன். 1600-இல் செகிகஹாரா போரில் அணி மாறிய கொபயகவா ஹிதேஅகியினுடையது என்று சொல்லப்படும் ஜின்பாவோரி டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பளிச்சென்ற சிவப்புக் கம்பளித் துணி. முதுகில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் இரண்டு அரிவாள்கள். அவ்வளவுதான். பார்த்தவுடன் நெஞ்சில் நிற்கும். இன்னொன்று, தாதே மசமுனே என்னும் போர்ப்பிரபுவினுடையதாகப் போற்றப்படும் ஊதா நிற ஜின்பாவோரி. செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. ஊதாவின் மேல் ஐந்து நிறங்களில் வட்டப் பொட்டுகள் சிதறிக் கிடக்கும். நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் இப்படியொரு துணிச்சலா என்று வியந்து போனேன். நுண் டிசைன் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது. வட்டம் மடிப்பில் நீள்வட்டமாகும், பள்ளத்தில் பிறையாகும். நூலோட்டம் கைக்குப் பழகிவிடும்.

குலச்சின்னங்களை மட்டும் விருப்பம்போலக் கலக்காதீர்கள். மூன்று ஹாலிஹாக் செடி இலைகள் டொகுகவாவினருடையவை. நான்கு வைரக் கட்டங்கள் தகேதாவினருடையவை. ஆறு காசுகள் சனதாவினருடையவை. முழுச் சிவப்புக் கவசம் தீட்டுவதாக இருந்தால் தகேதாவும் பொருந்தும், 1582-இல் தகேதா குலம் வீழ்ந்த பிறகு அவர்களுடைய வீரர்களைச் சேர்த்துக்கொண்ட ஈ நவோமச என்னும் தளபதியின் படையும் பொருந்தும். தெரிந்தவர்கள் முதலில் சின்னத்தைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது தூரிகை. மயிரிழை போன்ற தூரிகைகளை நானும் வாங்கினேன். அவற்றில் வண்ணம் தங்காது. தட்டிலிருந்து பொம்மைக்குக் கொண்டுபோவதற்குள் நுனியில் அக்ரிலிக் காய்ந்துவிடும். கொலின்ஸ்கி என்னும் வீசல் வகை விலங்கின் மயிரால் ஆன, நுனி கூராகக் கூடும் 0 அல்லது 1 எண் தூரிகை போதும். வயிற்றுப் பகுதியில் வண்ணம் தேங்கி, நுனி வழியாகச் சீராக இறங்கும். வண்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் ஒரு சொட்டுச் சேர்த்தால் கோடு தடையில்லாமல் ஓடும். வண்ணத்தைக் காயாமல் வைத்திருக்கும் ஈரத் தட்டு கட்டாயம். ஒவ்வொரு கோட்டுக்கு முன்பும் கட்டைவிரல் நகத்தில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பொம்மையைப் பிடித்த கையும் தூரிகையைப் பிடித்த கையும் மணிக்கட்டில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், நடுக்கம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும், கோட்டில் தெரியாது.

பேனா வேண்டாம் என்றுதான் சொல்வேன். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் அதன் கோடு உயிரில்லாமல் கிடக்கும். மேலே வார்னிஷ் பூசும்போது சில மைகள் கலையவும் செய்யும்.

நிழலும் வெளிச்சமும் டிசைனுக்கு முன்பா பின்பா? இரண்டிலும் கொஞ்சம். முதலில் துணிக்கு மிதமான நிழலும் வெளிச்சமும் கொடுங்கள். டிசைன் முழுவதையும் ஒரே நடுத்தர நிறத்தில் முடியுங்கள். பிறகு, வெளிச்சம் விழும் முகடுகளில் இருக்கும் கோடுகளை மட்டும் வெளிர் நிறத்தால் மீண்டும் தொடுங்கள். கடைசியாகப் பள்ளங்களில் துணியையும் டிசைனையும் சேர்த்து மூடும்படி மிக மெல்லிய நீர்ப்பூச்சாக ஆழ்ந்த நீலமோ பழுப்போ ஓட்டுங்கள். நிழலுக்குள் பளிச்சென்று தெரியும் வெள்ளைக் கோடு ஒன்று போதும், மொத்த மாயையும் கலைந்துவிடும்.

என் தவறு ஒன்றை நீங்களும் செய்யாமல் இருக்க வேண்டும். முதல் முயற்சியைத் துடைத்தபோது டிசைனோடு அடிப்பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. ரெசின் வெளியே தெரிந்தது. இப்போதெல்லாம் துணியின் நிழல் வெளிச்சம் முடிந்ததும் மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத வார்னிஷ், ஒரு பூச்சு கொடுத்து ஒரு நாள் காயவிடுகிறேன். அதன் மேல் போடும் கோடு தவறினால், சில நொடிகளுக்குள் ஈரத் தூரிகையால் துடைத்தெடுக்கலாம், கீழே ஒன்றும் ஆகாது. பயமும் பாதி குறைந்துவிடும்.

கவசத்தைப் பற்றியும் கொஞ்சம். தகடுகளைக் கோத்துக் கட்டும் பட்டுப் பின்னல் நாடாக்களை ஒதோஷி என்பார்கள். நெருக்கமாக அடுக்கியவை ஒரு வகை, இரண்டிரண்டாக இடைவெளி விட்டவை இன்னொரு வகை. சிற்பி செதுக்கியிருப்பதால் அவற்றின் வழி தவறாது, ஆனால் பொறுமையை அதிகம் கேட்பவை இவைதான். ஒவ்வொரு நாடாவுக்கும் அடியில் கருங்கோடு, மேலே நாடாவின் நிறம், அதன் மேல் பின்னலைக் காட்டும் பொடிக் குறுக்குக் கீறல்கள். தோள் தகட்டிலும் இடுப்புத் தொங்கலிலும் கடைசி வரிசையில் சிறு பெருக்கல் குறிகள்போலக் குறுக்குத் தையல் இருக்கும்; அது பெரும்பாலும் சிவப்பு. கறுப்புக் கவசத்தில் அந்தச் சிவப்பைத் தவறாமல் கொடுங்கள். தகடுகள் அரக்கு மெருகு பூசியவை என்பதால் அவற்றுக்கு மட்டும் மிதமான பளபளப்பு வார்னிஷ். துணியும் நாடாவும் மேட்டாகவே இருக்கட்டும்.

எனக்கு அந்த இரண்டாவது முதுகு முடிய ஏறக்குறைய 20 மணி நேரம் ஆயிற்று. ஒரு மாலைக்கு ஒன்றரை மணிக்கு மேல் உட்கார வேண்டாம். கண் களைத்த பிறகு போடும் வரிசையை மறுநாள் துடைக்கத்தான் நேரிடும். உங்கள் உருவத்தில் முதுகு வழவழப்பாகவும் அகலமாகவும் இருந்தால் அங்கேயே தொடங்குங்கள். நடுத் தையலில் முதல் பாவுக் கோட்டை இழுத்து, கீழ் விளிம்புக்கு இணையாக முதல் ஊடைக் கோட்டையும் போட்டு ஒரு படம் எடுத்து இங்கே இடுங்கள். அலை போடத் தொடங்கும் முன்பே கோடுகளைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.