வடாமுக்கும் கேரி பேக்குக்கும் நடுவே கொஞ்சம் மாவு

கேள்வி: "கான்ஃபிளவர் பை, ஸ்டார்ச் கவர் என்று கடைகளில் கொடுக்கிறார்களே, அது நிஜமாகவே சாப்பிடுகிற மாவில் செய்ததா? அப்படியென்றால் ஜவ்வரிசி விளையும் சேலத்தை வைத்துக்கொண்டு நாம் ஏன் இன்னும் பிளாஸ்டிக்கைக் கட்டி அழுகிறோம்?"

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஜவ்வரிசி எங்கேயும் விளைவதில்லை. விளைவது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. அதிலிருந்து எடுக்கிற மாவை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. தென்கிழக்காசியாவில் சேகோ பனை என்ற மரத்தின் தண்டிலிருந்து எடுத்த மாவில்தான் அசல் சேகோ செய்தார்கள், நம் ஊரில் கிழங்கு மாவில் செய்தாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

எனக்கு ஆத்தூர்ப் பக்கம். பெரியப்பாவுக்கு ஒரு சேகோ பேக்டரியில் பங்கு இருந்தது. படித்து முடித்து உணவுக் கம்பெனி ஒன்றில் சில வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன், அப்புறம் மக்கும் பை வாங்கி விற்கிறேன் என்று இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன். ஆக இந்த மாவை மூன்று பக்கமும் பார்த்தவன் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

எங்கள் பக்கம் கிழங்குக்கு எடைக்கு மட்டும் விலை கிடையாது, பாயிண்டுக்குத்தான் விலை. 25 பாயிண்ட், 28 பாயிண்ட் என்பார்கள். அந்தக் கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதன் கணக்கு அது. மாவு தண்ணீரைவிடக் கனமானது, அதனால் சாம்பிள் கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடைபோட்டால் மாவு அதிகம் உள்ள கிழங்கு கூடுதல் எடை காட்டும். பாயிண்ட் பார்க்கிற இடத்தில் விவசாயிக்கும் பேக்டரிக்காரருக்கும் நடக்கிற வாக்குவாதத்தை வைத்துத் தனிப் பதிலே எழுதலாம். அதன்பின் தோல் சீவி, அரைத்து, பாலைச் சலித்துத் தொட்டியில் தெளியவிட்டால் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் ஸ்டார்ச். சக்கையாக மிஞ்சுவது திப்பி, மாட்டுக்கும் கோழிக்கும் போகும். திப்பியைக் காயவைத்து எடைபோட்டால் அதிலும் பாதிக்கு மேல் மாவுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சரி, மாவு எப்படிப் பையாகிறது? இதற்கு ஆய்வகம் வேண்டாம், சித்திரை மாதத்து மொட்டைமாடி போதும். ஜவ்வரிசியை ஊறவைத்துக் காய்ச்சும்போது வெள்ளையாக இருந்த மணி ஒரு கட்டத்தில் கண்ணாடி மாதிரி ஆகிறது இல்லையா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஸ்டார்ச் என்பது குட்டிக்குட்டி மணிகள், பச்சைத் தண்ணீரில் கரையாது. 60, 70 டிகிரி சூடு வந்ததும் மணி தண்ணீரைக் குடித்து ஊதி, உள்ளே சுருண்டு கிடந்த நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் வெளியே வந்துவிடும். அதில் நேர் நேராக இருக்கிற சங்கிலிக்கு அமைலோஸ், கிளை கிளையாகப் பிரிவதற்கு அமைலோபெக்டின் என்று பெயர். அந்தக் கூழைத் துணியில் மெல்லிசாக ஊற்றிக் காயவிட்டால் தண்ணீர் போகப் போக சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒளி ஊடுருவுகிற ஒரு தகடு கிடைக்கும். அதை நாம் வடாம் என்று பொரித்துச் சாப்பிடுகிறோம். பேக்கேஜிங்காரர்கள் பிலிம் என்கிறார்கள். வடாமை மடித்தால் படக்கென்று உடைகிறது என்பது ஒன்றுதான் குறை.

உடையாமல் வளையவேண்டுமென்றால் கிளிசரின் சேர்க்கவேண்டும். ஒரு கரண்டி கான்ஃபிளவர், நான்கு கரண்டி தண்ணீர், ஒரு டீஸ்பூன் கிளிசரின், ஒரு டீஸ்பூன் வினிகர். கிளறிக்கொண்டே காய்ச்சி, கூழ் தெளிந்ததும் தட்டில் பரப்பி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். ரப்பர் மாதிரி ஒரு ஷீட் உரிந்து வரும். நான் செய்து காட்டியபோது பெரியம்மா கேட்டது, "ஏஞ்சாமி, இது பொரியுமா?" பொரியாது. ஆனால் ஐப்பசியில் அடை மழை பெய்தபோது அதே ஷீட் நமத்துப்போய்க் கையில் ஒட்டியது, மாசியில் எடுத்துப் பார்த்தால் விறைத்துக்கொண்டு வெடித்திருந்தது. ஸ்டார்ச் பையின் மொத்தத் தலைவலியும் இந்த ஒரு தட்டிலேயே தெரிந்துவிடும். தண்ணீரைக் கண்டால் விடாமல் குடிக்கிற பொருள் இது.

வேடிக்கை என்னவென்றால், சமையலில் நமக்கு வேண்டியதே அந்தக் குணம்தான். கோபி மஞ்சூரியன் குழம்பு பளபளவென்று ஒட்டிக்கொள்வது, சூப் கெட்டியாவது, கஸ்டர்ட் செட் ஆவது எல்லாம் ஸ்டார்ச் தண்ணீரைப் பிடித்துவைப்பதால்தான். ஆனால் மாவுக்கு மாவு வித்தியாசம் உண்டு. மக்காச்சோள ஸ்டார்ச்சில் அமைலோஸ் நூற்றுக்கு 25 சொச்சம், ஆறினால் மங்கலாகி அல்வாத் துண்டு மாதிரி வெட்டுப்படும். மரவள்ளியில் 20க்கும் கீழேதான், கூழ் தெளிவாக, இழுத்தால் நூல் மாதிரி வரும். அதனால்தான் ஹோட்டல் ரெசிபியில் கான்ஃபிளவர் என்று இருக்கும் இடத்தில் மரவள்ளி மாவைப் போட்டால் குழம்பு கொழகொழவென்று போய்விடுகிறது. நம்மூரில் கான்ஃபிளவர் என்று எல்லோரும் கேட்டு வாங்குவது சோள மாவு அல்ல, சோள ஸ்டார்ச் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதி சமையல் சண்டை அதனால் வருகிறது.

அப்புறம் இன்னொரு குணம், ஆறினால் சங்கிலிகள் திரும்ப நெருங்கி அடுக்கிக்கொள்ளும். பிரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைப்பாக இருப்பதும், கஸ்டர்டை நாள்பட வைத்தால் ஓரத்தில் தண்ணீர் விடுவதும் இதனால்தான். வீட்டில் பரவாயில்லை. மாதக்கணக்கில் கடையில் நிற்கவேண்டிய சாஸ் பாட்டிலில் தண்ணீர் பிரிந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும். அதற்குத்தான் ஸ்டார்ச்சை லேசாக வேதிமாற்றம் செய்து, சங்கிலிகளுக்கு நடுவே முட்டுக்கொடுத்துப் பயன்படுத்துகிறார்கள். லேபிளில் 1422, 1442 என்று எண் போட்டிருந்தால் அந்த மாதிரி ஸ்டார்ச் என்று அர்த்தம். வாட்சப்பில் பயமுறுத்துகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. என் குறை வேறு: தக்காளியைக் குறைத்துவிட்டு ஸ்டார்ச்சால் கெட்டியாக்குகிற வேலையும் இதே எண்ணின் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறது. எனவே எண்ணைப் பார்த்துப் பயப்படாமல், தக்காளி எத்தனை சதவீதம் என்று படியுங்கள்.

இப்போது பைக்கு வருகிறேன். கடையில் கொடுக்கும் நல்ல "ஸ்டார்ச் பை"யில்கூட முழுக்க ஸ்டார்ச் இருக்காது. வெறும் ஸ்டார்ச் பையில் ஈரமான கீரைக்கட்டைப் போட்டால் தெருமுனை தாண்டாது. அதனால் ஸ்டார்ச்சை கிளிசரினோடு சேர்த்து எக்ஸ்ட்ரூடர் என்கிற, சூடாக்கி அழுத்திப் பிதுக்குகிற மெஷினில் உருக்கி, அதோடு பிபிஏடி என்கிற மக்கக்கூடிய பாலியெஸ்டரைக் கலக்கிறார்கள். சாதாரணமாகப் பாதிக்கும் மேல் இந்த பாலியெஸ்டர்தான், அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. பிஎல்ஏ என்று இன்னொன்று உண்டு. அது ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கி, புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கி, அதைக் கோத்துச் செய்த பிளாஸ்டிக். பிறப்பு மாவில் என்றாலும், அயோடினைச் சொட்டினால் மாவு காட்டுகிற நீலத்தை இது காட்டாது. ஆக, "சாப்பிடுகிற மாவில் செய்ததா" என்றால், பாதி உண்மை. பையைச் சாப்பிட்டுக் காட்டி விற்கிற வீடியோக்களை நம்பி யாரும் வீட்டில் முயற்சிக்கவேண்டாம்.

இத்தாலியில் நோவாமோன்ட் என்ற கம்பெனி ஸ்டார்ச் கலந்த மேட்டர்-பி என்ற பொருளைப் பல வருடங்களாகச் செய்கிறது. அங்கே 2011லேயே மக்காத கேரி பேக்கை நிறுத்தினார்கள். காய்கறி வாங்கிய அதே பையில் சமையலறைக் கழிவைக் கட்டிக் கொடுத்தால் தனியாக எடுத்துப்போய் உரமாக்கும் ஏற்பாடும் கூடவே வளர்ந்தது. பை வெற்றிபெற்றதில் பாதிப் பங்கு அந்தக் குப்பை வண்டிக்குத்தான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அந்த வேகத்தில்தான் நானும் ஒரு சப்ளையரிடம் மொத்தமாகப் பை வாங்கினேன். நான் வாங்கிய விலையே சாதாரண கவரைவிட இரண்டரை மடங்கு. அதுகூடப் பிரச்சினையில்லை, சில கடைக்காரர்கள் பெருமையாகவே வாங்கினார்கள். பிரச்சினை குடோனில் வந்தது. தகரக் கூரை, கோடை, பிறகு மழை. ஒன்பதாவது மாதம் ஒரு மளிகைக் கடை அண்ணன் போன் செய்தார். "தம்பி, உங்க பை ரெண்டு கிலோ சர்க்கரைய தூக்குறதுக்குள்ள வாயப் பொளந்துருது, ஜனங்க என்னையத் திட்றாங்க." போய்ப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். மக்குவதற்கென்றே செய்த பொருள், சூடும் ஈரமும் கிடைத்தால் குடோன் என்றும் குப்பைக்குழி என்றும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இந்த ரகப் பைகளை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடவேண்டும் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

"மக்கும்" என்ற சொல்லுக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரப்படி, தொழிற்சாலை உரக்குழியின் சூட்டில், சுமார் 58 டிகிரியில், ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறவேண்டும். நம் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088ம் அதே வழியில் போகிறதுதான். வாய்க்காலில் கிடக்கிற பைக்கு யார் 58 டிகிரி கொடுப்பது? குப்பை மேட்டில் காற்றில்லாமல் புதைந்தால் ஸ்டார்ச் மீத்தேனாகத்தான் போகும். சாதாரண பிளாஸ்டிக்கோடு மறுசுழற்சிக்குப் போனாலோ அந்த லாட்டையும் கெடுத்துவிடும்.

இதைவிட மோசம், சாதாரண பாலித்தீனில் கொஞ்சம் ஸ்டார்ச்சைத் தூவிவிட்டு "மக்கும்" என்று விற்பது. 1970களிலேயே முயன்று பார்த்த வழிதான் இது. மாவை மட்டும் நுண்ணுயிர் தின்றுவிட்டு, பாலித்தீனைச் சல்லடை மாதிரி விட்டுவிடும். அயோடின் விட்டால் இதுவும் கருநீலம் காட்டும், அதனால் அந்தச் சோதனையை நம்பாதீர்கள், அது மாவு இருப்பதைச் சொல்லுமே தவிர மீதி என்ன என்று சொல்லாது. பையில் கம்போஸ்டபிள் என்ற வார்த்தையும், தயாரித்தவர் பெயரும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பச்சை இலைப் படம் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சேலத்தில் ஏன் இல்லை என்றால், மாவு இருக்கிறது, பாலியெஸ்டர் இல்லை, அதைக் கலக்கிற மெஷினும் ஒரு சேகோ பேக்டரிக்காரர் எட்டிப்பிடிக்கிற விலையில் இல்லை. போதாததற்கு, நவராத்திரி விரதத்துக்கு மகாராஷ்டிரம் ஜவ்வரிசி வாங்குகிறவரை மாவைப் பைக்குக் கொடுக்க யாருக்கும் அவசரமில்லை. என்னைக் கேட்டால் கேரி பேக்கை விட்டுவிட்டு, நான் முன்னால் சொன்ன திப்பியைப் பிடிக்கவேண்டும். நாரும் மாவும் ஏற்கெனவே கலந்தே இருக்கிறது. சூடான அச்சில் அழுத்தினால் மாவே பசையாகித் தட்டு நிற்கும். ரசம் ஊற்றினால் ஒழுகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாற்றுத் தொட்டிக்கும் முட்டை அட்டைக்கும் ரசம் ஊற்றப்போவதில்லையே. சாம்பார் பார்சலுக்கு இன்றைய தேதிக்கு என் ஓட்டு தூக்குவாளிக்குத்தான்.

விற்காமல் மிஞ்சிய பைகளில் ஒரு கட்டை எங்கள் தோட்டத்தில் வாழை மரத்தடியில் புதைத்துவைத்தேன். ஏழு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது ஓரமெல்லாம் அரித்து, தொட்டால் துண்டு துண்டாகக் கிழிந்தது, ஆனால் பை முழுக்கப் போய்விடவில்லை. "நான் பிளாஸ்டிக் அல்ல" என்று மேலே அச்சடித்திருந்த பச்சை எழுத்து மட்டும் அழியாமல் பளிச்சென்று இருந்தது.