நாமா, நாங்களா?

கேள்வி: உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். அமெரிக்கப் புரட்சிக்கால எழுத்தென்றால் பெரும்பாலும் துண்டுப்பிரசுரமும் அறிக்கையும்தான். அவை பிந்திய இலக்கியத்தில் எப்படி நிலைத்தன?
– மாணவி, கோப்பாய்

பதில்: கதையாக அல்ல, வாக்கியமாக நிலைத்தன. 1776 யூலை 4 இல் ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தை மூன்றாகப் பிரித்து வாசியுங்கள். முதலில் பொதுக்கொள்கை. நடுவில் பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் மீது 27 குற்றச்சாட்டுகள். கடைசியில் பிரிந்துவிட்டோம் என்ற அறிவிப்பு. 1848 இல் செனெக்கா ஃபோல்ஸ் பெண்ணுரிமை மாநாட்டுக்கு எலிசபெத் கேடி ஸ்டான்டன் முன்னின்று எழுதிய அறிக்கையும் இதே அச்சில் வார்த்ததுதான். ‘மென்’ (men) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘விமென்’ (women) ஏறியது. குற்றப்பட்டியலில் வரும் ‘அவன்’ இப்போது மன்னனல்ல, ஆண். கேட்டவர்களுக்குப் பழகிய ஓசை என்பதால் அந்த மாற்றம் சுரீரென்று தைத்தது.

அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் 1852 யூலை 5 அன்று ரொச்செஸ்டரில் ஆற்றிய உரையை இதற்கு அடுத்து வாசிக்க வேண்டும். பிரகடனத்தின் கொள்கைகளை அவர் மனமாரப் புகழ்கிறார். ஆனால் நெடுகிலும் ‘உங்கள் தந்தையர்’, ‘உங்கள் சுதந்திரம்’ என்றே சொல்கிறார். இந்த நாள் உங்களுடையது, என்னுடையதல்ல என்கிறார். தமிழருக்கு இது சட்டென்று பிடிபடும். பிரகடனத்தின் ‘வீ’ (we) என்பதைத் தமிழாக்கும்போது ‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா? ஆங்கிலம் மறைத்து வைத்த அந்தக் கேள்வியைத்தான் டக்ளஸ் சபைநடுவே எழுப்பினார். பிரகடனத்தை வரைந்த தோமஸ் ஜெபர்சன் அடிமை வணிகத்தைக் கண்டித்து வரைவில் எழுதிய பகுதியை, அதை ஏற்ற காலனிகளின் பேரவையான காங்கிரஸ் நீக்கியிருந்ததையும் சேர்த்து நினையுங்கள்.

மற்றது, நடை. 1776 சனவரியில் பிலடெல்பியாவில் வெளியான ‘கொமன் சென்ஸ்’ நூலில் தோமஸ் பெயின் முடியாட்சியை மறுக்கக் கையாண்டது சட்ட நூல்களையல்ல, வீட்டுக்கு வீடு தெரிந்த விவிலியக் கதைகளை. தீர்க்கதரிசி சாமுவேலிடம் இஸ்ரவேலர் அரசன் கேட்ட கதை அதில் வருகிறது. வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்து எளிய வசனத்தில் வாதிட்ட ஆறுமுக நாவலரை அறிந்த ஊர் நம்முடையது. அச்சும் எளிய நடையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

விடைத்தாளில் பலர் வழுக்குவது, ‘சுதந்திர உணர்வு தொடர்ந்தது’ என்று எழுதி நிறுத்துமிடத்தில். அது எந்த நாட்டு இலக்கியத்துக்கும் பொருந்தும். பிரகடனத்தையும் 1848 அறிக்கையையும் பக்கம் பக்கமாக வைத்து, மாறிய சொற்களுக்கு மட்டும் கோடிடுங்கள். டக்ளஸின் உரையில் ‘உங்கள்’ வரும் இடங்களைக் குறியுங்கள். அந்தச் சொற்களை மேற்கோளாக வைத்தே விடையைத் தொடங்குங்கள்.