ஐந்து பேருக்கு ஓட்டா?

கேள்வி: நியூயார்க் மேயர் பதவிக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ஒருவரே ஐந்து பேருக்கு ஓட்டுப் போடலாமாமே?

பதில்: ஓட்டு ஒன்றுதான், ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். 2021 முதல் அங்கே கவுன்சிலர் உட்கட்சித் தேர்தலுக்கும் இதே முறை. முதல் விருப்பத்திலேயே பாதிக்கு மேல் வாங்கினால் வெற்றி. யாரும் வாங்காவிட்டால் கடைசி ஆளை நீக்கி, அவருக்கு விழுந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இருவர் மிஞ்சும்வரை இப்படியே போகும்.

சீட்டில் பெயருக்கு நேரே 1 முதல் 5 வரை நீள்வட்டங்கள் இருக்கும், கறுப்பாக்க வேண்டும். ஒரே எண்ணின் கீழ் இருவருக்குக் கறுத்துவிட்டால் அந்த விருப்பமும் அதற்குப் பிந்தையவையும் செல்லாது. பதற்றத்தில் நடக்கிற தவறு இது, ரொம்பக் கவனம் வேண்டும். நமக்குப் பிடித்தவருக்கே ஐந்தையும் கறுத்தாலும் ஒன்றுதான் கணக்கு. மீதி நான்கும் வீண். நவம்பர் பொதுத்தேர்தலில் இந்த வரிசை கிடையாது.