வாசகர் கேள்விகள்: லோட்டே ரைனிகரின் கறுப்பு அட்டை மனிதர்கள்

ஜெர்மன் இயக்குநர் லோட்டே ரைனிகர் (1899–1981) கறுப்பு அட்டையைக் கத்தரியால் வெட்டியே முழுநீளப் படம் எடுத்தவர். கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசைமேல் அட்டை உருவங்களைக் கிடத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மேலிருக்கும் கேமராவில் ஒவ்வொரு படமாக எடுப்பது அவர் முறை. அவரைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘வீட்டில் செய்து பார்க்க முடியுமா?’ என்ற ரகம். அதனால் செய்முறைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதல் முழுநீள அனிமேஷன் படம் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ என்றுதானே படித்திருக்கிறோம்?

‘ஸ்னோ ஒயிட்’ வந்தது 1937இல். ரைனிகரின் ‘இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்’ 1926 மே மாதமே பெர்லினில் திரையிடப்பட்டுவிட்டது. அதற்காக ரைனிகரை ‘உலகிலேயே முதல்’ என்று தூக்கி வைப்பதும் சரியல்ல. அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி 1917லேயே ஒரு முழுநீளப் படம் எடுத்தார். அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்று நாம் பார்க்கக் கிடைப்பவற்றில் மிகப் பழையது ரைனிகருடையது.

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண்ணை நம்பி யார் பணம் போட்டார்கள்?

லூயி ஹாகன் என்ற வங்கியாளர். 1923இல் ஜெர்மன் மார்க்கின் மதிப்பு நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது. பணத்தைப் பொருளாக மாற்றி வைப்போம் என்று அவர் கச்சா ஃபிலிம் சுருள்களை வாங்கிக் குவித்திருந்தார். அதைக் கொடுத்து முழுநீளப் படம் எடுக்கச் சொன்னார். பாட்ஸ்டாமில் தன் வீட்டு கார் ஷெட்டுக்கு மேலிருந்த மாடத்தை ஸ்டூடியோவாக்கியும் கொடுத்தார். கூரை தாழ்வு, உச்சியில் கேமரா வைத்தால் கண்ணாடி மேசை தரையை ஒட்டித்தான் வரும். ஆகவே பழைய கார் சீட் ஒன்றின்மேல் மண்டியிட்டபடி ரைனிகர் வேலை பார்த்தார். கேமரா அவருடைய கணவர் கார்ல் கோக் பொறுப்பு. வேலை 1926 வரை இழுத்தது. படம் சுமார் 65 நிமிடம். நொடிக்கு 24 படம் என்று கணக்கிட்டால் 93,600 தடவை உருவங்களைத் தொட்டு நகர்த்தியிருக்க வேண்டும். வேண்டாம் என்று கழித்தவை இதில் சேராது.

உருவங்களை எப்படிச் செய்தார்? நாங்கள் செய்ததில் கை அசைத்தால் உடம்பு முழுவதும் நகர்ந்துவிடுகிறது.

அவர் பயன்படுத்தியது கறுப்பு அட்டையும் மெல்லிய ஈயத் தகடும். தலை, கழுத்து, மார்பு, இடுப்பு, மேல்கை, முன்கை, உள்ளங்கை, தொடை, கெண்டைக்கால், பாதம் எல்லாம் தனித்தனித் துண்டுகள். மெல்லிய கம்பியால் மூட்டுப் போட்டார். ஈயம் எதற்கென்றால், கனம் இருந்தால்தான் உருவம் கண்ணாடியில் படிந்து கிடக்கும். வெறும் அட்டை மூச்சுக் காற்றுக்கே புரளும். ஈயம் நச்சு என்பதால் நீங்கள் அதைத் தொட வேண்டாம். குளிர்பான டின்னின் அலுமினியத் தகட்டை வெட்டி அட்டையின் பின்பக்கம் ஒட்டினால் போதும். விளிம்பு கையைக் கிழிக்கும், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

உங்கள் உருவத்தில் கோளாறு மூட்டில்தான். இரண்டு துண்டுகளின் முனைகளையும் ஒரே அளவு வட்டமாக வெட்டி, வட்டத்தின்மேல் வட்டம் வைத்து, நட்டநடு மையத்தில் ஊசியால் துளையிடுங்கள். மையம் தவறினால் முழங்கையை மடக்கும்போது ஒரு மூலை துருத்தும், அல்லது இடுக்கில் வெளிச்சம் கசியும். மெல்லிய செம்புக் கம்பியை நுழைத்து இரு பக்கமும் சின்னச் சுருளாகச் சுற்றித் தட்டையாக்குங்கள். இறுக்கிவிட்டால், நீங்கள் சொன்னதுபோல, கையோடு உடம்பும் வரும். தொளதொளவென்று விட்டாலோ அடுத்த படத்துக்குள் கை தானாக இறங்கிவிடும். முன்கையை மட்டும் நகர்த்தும்போது தோள் அசையாமல், அதேசமயம் விட்ட இடத்திலேயே கை நிற்க வேண்டும். அந்த அளவு இறுக்கம்தான் சரி. உயரம் 20 செ.மீ.க்குக் குறையாமல் வெட்டுங்கள். அதைவிடச் சிறியதில் மணிக்கட்டு மூட்டுப் போடுவது பெரும்பாடு.

இன்னொன்று. ரைனிகர் கத்தரியைப் பிடித்த கையை அசைக்கமாட்டார், தாளைத்தான் திருப்புவார். வளைவுகள் பிசிறில்லாமல் வருவது அதனால்தான்.

முகபாவமே தெரியாத உருவம் எப்படி நடிக்கும்?

கழுத்தும் மணிக்கட்டும் நடிக்கும். உருவங்களை அவர் பெரும்பாலும் பக்கவாட்டில் நிறுத்தியது மூக்கும் மோவாயும் தெளிவாகத் தெரிவதற்காக. அண்மைக் காட்சி வந்தால் அதே உருவத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதில்லை. தலையையும் தோளையும் பெரிய அளவில் புதிதாக வெட்டினார்.

எங்கள் பாத்திரம் நடக்கும்போது பனிக்கட்டிமேல் வழுக்குவதுபோல் இருக்கிறதே?

உடம்பைத் தள்ளிவிட்டுப் பிறகு காலைச் சரிசெய்கிறீர்கள். தரையில் ஊன்றிய பாதத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு இடுப்பை முன்னே நகர்த்துங்கள். அடுத்த கால் ஊன்றும்வரை அந்தப் பாதம் இம்மியும் நகரக்கூடாது. இரு கால்களும் அகன்றிருக்கும்போது இடுப்பு தாழும், ஒன்றையொன்று கடக்கும்போது உயரும். இந்த ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டால் மிதப்பதுபோல்தான் தெரியும்.

மொபைலில் எடுத்தோம். வெளிச்சம் மினுக் மினுக்கென்று துடிக்கிறது.

மொபைல் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைப் புதிதாகக் கணிக்கிறது. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் மாறாதபடி பூட்டுங்கள். ஜன்னலை மூடுங்கள், மேகம் ஒன்று கடந்தாலும் படத்தில் தெரியும். மலிவான எல்.இ.டி. விளக்கு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் துடிக்கும், ஷட்டர் வேகத்தை 1/50 நொடி அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். விளக்கு கண்ணாடிக்குக் கீழே மட்டும் எரியட்டும், நடுவில் ஒரு டிரேசிங் பேப்பர். வெள்ளைச் சட்டை வேண்டாம், கண்ணாடியில் பிரதிபலிக்கும். பொத்தானை விரலால் அழுத்தாமல் டைமர் வைத்து எடுங்கள். நொடிக்கு 12 படம் போதும். 10 நொடிக் காட்சிக்கு 120.

பின்னணியில் அவ்வளவு ஆழம் எப்படி வந்தது?

ஒளி ஊடுருவும் மெல்லிய தாளை அடுக்கடுக்காக வைத்தார். அடுக்கு கூடக் கூட இருள்: தூர மலைக்கு ஒரு தாள், பக்கத்து மலைக்கு மூன்று. தாள்களை ஒரே கண்ணாடியில் குவிக்காமல், இடைவெளி விட்ட கண்ணாடித் தட்டுகளில் பரப்பித் தனித்தனியே நகர்த்தினால் கடலும் வானும் வெவ்வேறு வேகத்தில் போகும். இளவரசர் படத்தின் அலைகள் உடன் பணியாற்றிய பெர்த்தோல்ட் பார்டோஷின் கைவேலை. மாயாஜாலக் காட்சிகளில் இன்னொரு கூட்டாளி வால்டர் ருட்மனின் பங்கு பெரிது. டிஸ்னியின் பிரம்மாண்டமான பல அடுக்குக் கேமரா பத்தாண்டுக்கும் மேல் பிந்தியது. புகழ் மட்டும் அவர்களுக்குப் போனது.

படத்தில் தெரியும் நிறம் பிற்காலத்தில் சேர்த்ததா?

இல்லை. அக்கால வழக்கப்படி ஒவ்வொரு காட்சியின் ஃபிலிமையும் சாயத்தில் தோய்த்தார்கள். மூல நெகட்டிவ் அழிந்துவிட்டது. லண்டனில் கிடைத்த பழைய பிரதியிலிருந்து 1990களின் இறுதியில் நிறங்களோடு மீட்டார்கள்.

நாஜி ஆட்சியில் என்ன செய்தார்?

அவரும் கணவரும் இடதுசாரிச் சார்புள்ளவர்கள். ஜெர்மனியை விட்டு வெளியேறினார்கள், ஆனால் எந்த நாடும் நிரந்தரமாகத் தங்க விடவில்லை; விசா முடிய முடிய நாடு மாறினார்கள். போர்க்காலத்தில், நோயுற்ற தாயைக் கவனிக்க பெர்லின் திரும்ப வேண்டியதாயிற்று. 1949இல் லண்டனில் குடியேறி, ஐம்பதுகளில் தேவதைக் கதைகளைக் குறும்படங்களாக எடுத்தார்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

‘பாபகேனோ’ (1935). மொஸார்ட்டின் இசைக்கு எடுத்த குறும்படம். இசைக்கு அசைவு பொருத்த நினைப்பவர்கள் முதலில் தாளத்தை எண்ணுங்கள்: நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், நொடிக்கு 12 படம் எடுக்கும்போது தட்டுக்கு 6 படம். கையசைவு ஆறாவது படத்தில் முடிய வேண்டும்; ஏழாவதுக்குப் போனால் காது கண்டுபிடித்துவிடும்.