அசோகமித்திரனும் கி.ரா.வும் போன பிறகு
எழுத்தாளர்கள் அசோகமித்திரன் 2017இலும் கி.ரா. (கி. ராஜநாராயணன்) 2021இலும் மறைந்தபின் அவர்கள் புத்தகங்களைத் தொடவே கை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துக்கம் நியாயமானது. 'எழுத்துக்குச் சாவில்லை' என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்கும் கோபம்தான் வருகிறது.

நாவல்களை இப்போது எடுக்காதீர்கள். கி.ரா.வின் 'கதவு' சிறுகதையை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அதற்கே வாசித்துக் காட்டுங்கள். தீர்வை (வரி) பாக்கிக்காகக் கழற்றிப்போன கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துப் பற்றிக்கொள்ளும் இடத்தில் அழுகை வரும், வரட்டும். பிறகு அசோகமித்திரனின் 'புலிக் கலைஞன்' சிறுகதை. சினிமா ஸ்டுடியோவில் வேலை கேட்டு வந்த காதர் புலித்தலையை மாட்டிக்கொண்டதும் அந்த அலுவலக அறையே மாறிவிடும்!

இரண்டையும் முடித்ததும் எழுதுங்கள், எழுத்தாளர் பிரபஞ்சனைப் பற்றிப் பேசுவோம். அவரை இழந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.