மத்தி எதைத் தின்று வளர்ந்தது? ஐசோடோப்பு கேள்வி பதில்

கடல் ஆய்வுக்கூடத்தில் மீன் தசையை அரைத்தே பல வருஷம் ஓட்டியவன் நான்; இப்போது சேலத்துவாசி. நிலையான ஐசோடோப்பை வைத்துக் கடலின் உணவு வலையை எப்படிப் படிக்கிறார்கள் என்று நம்ம ஊர்க்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

அம்மாபேட்டை, கல்லூரி மாணவி: சார், ஐசோடோப்பு என்றாலே கதிர்வீச்சு என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

ஒரே தனிமத்தில் எடை மட்டும் வேறான அணுக்கள்தான் ஐசோடோப்பு. நாங்கள் அளப்பவை சிதையாதவை அம்மா, அதனால்தான் 'நிலையான' என்கிறோம். நம் உடம்பில் உள்ள கார்பனிலேயே நூற்றுக்கு ஒன்று கார்பன் 13தான். நைட்ரஜன் 15 இன்னும் அரிது, ஆயிரத்துக்கு நாலுகூட வராது.

ஏற்காடு, பள்ளி ஆசிரியர்: மீனின் வயிற்றை அறுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடுமே?

தெரியும், கடைசி வேளைச் சாப்பாடு மட்டும். பல மீன்களுக்கு வயிறு காலியாக இருக்கும். சொறிமீன் மாதிரி இரையெல்லாம் சீக்கிரம் கரைந்துவிடும். தசையில் இருப்பது சில வாரம், சில மாதக் கணக்கு.

உயிர்கள் கழிவை வெளியேற்றும்போது லேசான நைட்ரஜன் 14 முந்திக்கொண்டு போகும்; கனமான 15 உடம்பில் தங்கும். அதனால் மத்தியைவிட, மத்தியைத் தின்கிற வஞ்சிரத்தில் 15 கூடுதல். உணவுச் சங்கிலியில், அதாவது தின்னப்படுவதிலிருந்து தின்பதற்கு, ஒரு படி ஏறினால் சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 ஏறும். இந்த எண்கள் எல்லாம் ஒரு பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, குறைய என்ற கணக்கு; மைனஸ் என்றால் குறைவு. கார்பன் 13 அப்படி ஏறாது, படிக்கு 1 ஏறினாலே அதிகம். அதனால் சங்கிலி எந்தச் செடியில் தொடங்கியது என்பதை அது காட்டிக்கொடுக்கும்: அலையாத்தி இலை மைனஸ் 28 அளவில், கடலில் மிதக்கும் நுண்பாசி மைனஸ் 20 பக்கம், கடற்புல் மைனஸ் 10 பக்கம்.

ஆனால் தின்றது நெத்திலியா இறாலா என்று இந்த எண்கள் பெயர் சொல்லாது. அதற்கு நீங்கள் சொன்ன கத்திதான் சார் வேண்டும்.

சூரமங்கலம், மீன் வியாபாரி: கொச்சி மத்தியும் நாகப்பட்டினத்து மத்தியும் ஒரே மாதிரிதானே காட்டும்?

அண்ணே, ஆராய்ச்சிக்காரர்களே கோட்டை விடுகிற இடம் இது. அரபிக்கடலின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும்போது லேசானதை முதலில் எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய நைட்ரேட்டில் 15 ஏறிவிடும். அந்தத் தண்ணீர் மேலே வந்தால் அதே கூடுதல் பாசிக்கும் போகும், பாசி வழியாக மீனுக்கும் போகும். வங்காள விரிகுடாவில் இது அந்த அளவுக்கு நடப்பதில்லை. ஆக, மத்தியில் எண் கூடினால் அது பெரிய இரை தின்றது என்றும் இருக்கலாம், கடலே அப்படி என்றும் இருக்கலாம்.

நானே பட்டிருக்கிறேன். முதல் வருஷம் மார்க்கெட்டில் மீனாக வாங்கி வாங்கி அளந்தேன், அந்தந்தக் கடலின் மட்டியை எடுக்கவில்லை. கை நிறைய எண்கள் இருந்தும் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. பாசி முதல் படி; தண்ணீரை வடிகட்டி அதைத் தின்கிற மட்டி இரண்டாம் படி, அங்கிருந்துதான் மேலே எண்ண வேண்டும். நைட்ரஜன் 15 எண் மட்டிக்கு 7, மீனுக்கு 13.8 என்று வையுங்கள். வித்தியாசம் 6.8, அதாவது இரண்டு படி. மீன் நான்காம் படியில் இருக்கிறது. மட்டி 10.4 என்றால் அதே மீன் மூன்றாம் படிக்கு இறங்கிவிடும்!

ஓமலூர், ஆய்வு மாணவர்: சாம்பிள் எடுப்பதில் எதைக் கவனிக்க வேண்டும் அண்ணா?

முதுகுத் துடுப்புக்குக் கீழே உள்ள வெள்ளைத் தசையை எடு தம்பி. தோல், முள் ஒட்டக்கூடாது. ஃபார்மலினில் போடாதே, அதன் கார்பனும் சேர்ந்துகொள்ளும்; உறையவைத்தால் போதும். பிறகு 60 டிகிரியில் காயவைத்து மாவாக அரை. அதில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக எடுத்து, வெள்ளீயத்தில் செய்த குட்டிக் கிண்ணத்தில் போட்டு, இடுக்கியால் மடித்து மிளகு அளவுக்கு உருட்ட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடு. ஒரு தும்மலில் அரை நாள் வேலை பறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கொழுப்பில் கார்பன் 13 குறைவு. மத்தி மாதிரி எண்ணெய் மீன் என்றால் கொழுப்பைப் பிரித்தெடுத்துவிட்டு கார்பனை அள. நைட்ரஜனுக்குப் பிரிக்காத மாவைத் தனியாக வை.

ஆத்தூர், சேகோ ஆலைக்காரர்: ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலந்தால் இதில் மாட்டுமா?

நன்றாகவே மாட்டும். கார்பன் 13 கணக்கில் மரவள்ளி மைனஸ் 26ஐ ஒட்டி வரும். மக்காச்சோளம், கரும்பு, ராகி எல்லாம் வேறு வழியில் கார்பனைப் பிடிக்கிற பயிர்கள், மைனஸ் 12 பக்கம் நிற்கும். பாதிக்குப் பாதி கலந்தால் எண்ணும் நடுவில் வந்து நிற்கும். அலையாத்தியையும் கடற்புல்லையும் பிரிக்கிற அதே கணக்குதான். ஆனால் அரிசி மாவோ உருளைக்கிழங்கு மாவோ கலந்தால் இது பிடிக்காதுங்க, அவையும் மரவள்ளியின் கட்சி.